பள்ளி வாசலில் நடுங்குவது யார்?

ஜூன் வந்துவிட்டது!

புதுப் பை வாங்கியாயிற்று. தண்ணீர் பாட்டில் வாங்கியாயிற்று. பெயர் போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது.

எல்லாம் தயார். நீங்கள் தயாரா?

மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்கவில்லை. பெற்ற உங்களைக் கேட்கிறேன்!

காலையில் ஏதாவது ஒரு மழலையர் பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள். பிள்ளையின் ஒரு கை அம்மாவின் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்திருக்கும். இன்னொரு கை ஆயாம்மாவின் பிடியில் இருக்கும்.

ஆயாம்மா ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். சுண்டுவிரலைப் பிரிப்பதற்குள் ஆள்காட்டி விரல் மறுபடி போய்ப் பற்றிக்கொள்ளும்.

இப்போது அம்மாவின் கையைப் பாருங்கள். அதுவும் பிடியை விடவில்லை!

அப்படியானால் நடுங்குவது யார்? பிள்ளையா? நீங்களா?

பிள்ளை அழ நியாயம் இருக்கிறது. புது இடம். புது முகங்கள். புதுச் சத்தம். உங்களுக்கு என்ன நியாயம்?

“மனசு கேக்கலைங்க” என்கிறீர்கள். கேட்காதுதான்! ஆனால், சொந்த மனசையே இழுத்துப் பிடிக்காத நீங்கள் பிள்ளைக்குத் துணிச்சலை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்?

புது இடத்தில் கால் வைத்ததும் பிள்ளை முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். அம்மா முகம் தெளிவாக இருக்கிறதா? சரி, இங்கே பயமில்லை. அம்மாவின் கண் கலங்கியிருக்கிறதா? ஐயோ, இங்கே ஏதோ இருக்கிறது!

“ஸ்கூல் ஜாலியா இருக்கும்” என்று நீங்கள் ஆயிரம் முறை சொல்லுங்கள். உதடு நடுங்கினால் அத்தனையும் வீண்.

முதலில் உங்கள் பயத்தை இறக்கி வையுங்கள். பிள்ளையின் பையை அப்புறம் மாட்டலாம்!

சாக்குகளுக்கு இங்கே இடமில்லை!

“எங்க பிள்ளை மத்த பிள்ளைங்க மாதிரி இல்லைங்க. ரொம்பச் செல்லம். என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்காது.”

எந்தப் பிள்ளை இருந்தது? எந்தப் பிள்ளை பிறந்த அன்றே பை மாட்டிக்கொண்டு கிளம்பியது? இன்று கல்லூரிப் பேருந்தில் படியில் தொங்கிக்கொண்டு போகிறானே, அவனும் ஒரு நாள் வாசலில் புரண்டு அழுதவன்தான்!

“பாட்டி விடமாட்டேங்கிறாங்க. மூணு வயசுப் பிள்ளையை ஏன் படுத்துறீங்கன்னு கேக்கிறாங்க.”

பாட்டியின் பாசத்தோடு சண்டை போடாதீர்கள். அவரைக் கூட்டாளி ஆக்குங்கள்! சாயங்காலம் வீடு திரும்பியதும் முதல் கதையைக் கேட்கும் உரிமையைப் பாட்டிக்குக் கொடுங்கள். மறுநாள் காலை அவரே பிள்ளைக்குத் தலை வாரி விடுவார்.

“நான் அதிகம் படிக்கலை. எனக்கு இங்கிலீஷ் வராது.”

முத்தம் கொடுத்து “போயிட்டு வா கண்ணு” என்று சொல்ல எந்தப் பட்டம் வேண்டும்? சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க எந்த மொழி வேண்டும்?

“பெரிய பள்ளிக்குக் கட்ட எங்ககிட்ட பணம் இல்லை.”

பக்கத்துத் தெருவைப் பாருங்கள்! 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று தமிழ்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களாக விரிந்திருக்கிறது. விளையாட்டு உண்டு, பாட்டு உண்டு, முட்டையோடு சாப்பாடு உண்டு. கட்டணம் கிடையாது!

2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் திறந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே அழைத்துப் போகத்தான் ஆள் வேண்டும்!

“அதெல்லாம் அம்மா பார்த்துக்க வேண்டிய வேலைங்க.”

யார் சொன்னது? அப்பாவே, உங்களைத்தான்! அம்மாவிடம் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் எத்தனையோ பிள்ளைகள், அப்பா கொண்டுவந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறார்கள். பைக் சாவியை எடுங்கள். முதல் மாதம் முழுக்க அந்தப் பொறுப்பை உங்கள் தோளில் ஏற்றுங்கள்!

அழுதால் தோல்வியா?

“நேத்தும் அழுதான், இன்னிக்கும் அழுதான். நான் தோத்துட்டேன்.”

நிறுத்துங்கள்! யார் தோற்றது?

பெற்றவர் கண் மறைந்தால் கலங்குவது ஏறக்குறைய எட்டு மாதத்திலேயே பிள்ளைக்குத் தொடங்கிவிடுகிறது. ஒரு வயதைத் தாண்டிய காலத்தில் உச்சத்துக்குப் போகிறது. பிறகு மெல்ல மெல்லத் தணிகிறது. மூன்று வயதில் அதன் மிச்சம் வாசலில் வந்து வெடிக்கிறது. அவ்வளவுதான்!

இது நோயில்லை. பிடிவாதமில்லை. உங்கள் வளர்ப்பின் குறையும் இல்லை. உங்களைத் தன் உலகமாக நினைக்கும் பிள்ளை, உலகத்தை விட்டு எப்படிச் சிரித்துக்கொண்டே போகும்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியல் அறிஞர் இதை நேரில் சோதித்துப் பார்த்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் புது அறைக்கு வருவார்கள். தாய் சில நிமிடம் வெளியே போவார். பிறகு திரும்பி வருவார்.

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய அவர் எதை முக்கியமாகக் கவனித்தார் தெரியுமா? தாய் திரும்பி வந்த அந்த நொடியை!

தாய் வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறதா? அவர் தூக்கியதும் தேறுகிறதா? தேறி, மறுபடி விளையாடப் போகிறதா? அப்படிப் போகிற குழந்தை நம்பிக்கையில் வேர் பிடித்த குழந்தை. பிரியும்போது அது அழுதிருந்தாலும் சரி!

ஆகவே காலை அழுகையை எண்ணி எண்ணி மாய்ந்து போகாதீர்கள். மதியம் என்ன நடக்கிறது? உங்களைக் கண்டதும் ஓடி வருகிறதா? அதைப் பாருங்கள்!

பிள்ளையின் துணிச்சல் எங்கே பிறக்கிறது? “அம்மா போனால் வருவாள்” என்ற நம்பிக்கையில் பிறக்கிறது. அதைக் கட்டி எழுப்புவதுதான் உங்கள் வேலை. அதை உடைக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய வேலை!

பொய் சொல்லி நழுவாதீர்கள்!

“அதோ பார், காக்கா!” பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. அதற்குள் நீங்கள் கேட்டைத் தாண்டி ஓடிவிடுகிறீர்கள். அழுகைச் சத்தம் காதில் விழவில்லை. வேலை முடிந்தது என்று மூச்சு விடுகிறீர்கள்.

என்ன முடிந்தது? பிள்ளை திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை! அது அன்று கற்ற முதல் பாடம் என்ன? கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள்!

அப்புறம் வீட்டில் குளியலறைக் கதவு வரை பின்னாலேயே வருகிறதே, ஏன்? நடு இரவில் விழித்துக் கையால் துழாவிப் பார்க்கிறதே, ஏன்? உங்களைக் காவல் காக்கிறது!

“கடைக்குப் போயிட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிறீர்களே, அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு என்ன மரியாதை இருக்கும்?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. “சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்! ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துடுவேன்!” சோறு ஊட்டும்போது பூச்சாண்டியாகக் காட்டிய அதே பள்ளிக்கு, ஜூன் மாதம் சிரித்துக்கொண்டே போகச் சொன்னால் எப்படிப் போகும்?

இன்றோடு அந்தப் பேச்சை விடுங்கள்! பள்ளியைத் தண்டனையாகச் சொல்லும் வாயை மூடுங்கள்!

நேருக்கு நேர் நில்லுங்கள். முட்டி போட்டு உட்காருங்கள். பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். “அம்மா இப்ப போறேன். நீ சாப்பிட்டு முடிச்சதும் வந்து கூட்டிட்டுப் போவேன்.” ஒரு முத்தம். ஒரு டாட்டா. திரும்பி நடங்கள்!

அழும். அழட்டும்! ஆசிரியர் தூக்கிக்கொள்வார். நீங்கள் நடங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். “இன்னும் ஒரே ஒரு முத்தம்” என்று திரும்பி வராதீர்கள். விடைபெறுவதை அரை மணி நேரம் இழுத்தால் பிள்ளையின் வேதனையும் அரை மணி நேரம் நீளும்.

“பன்னிரண்டு மணிக்கு வருவேன்” என்று சொல்லாதீர்கள். மூன்று வயதுக்குக் கடிகாரம் தெரியாது. “மிஸ் பாட்டுப் பாடி, நீ விளையாடி, சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்” என்று சொல்லுங்கள். அது பிள்ளைக்குப் புரியும் நேரம்!

சொன்னீர்களா? வந்து நில்லுங்கள்! போக்குவரத்து, போன் அழைப்பு, அடுப்பில் குழம்பு, எதுவும் காரணம் ஆகாது. முதல் பத்து நாள் மற்ற பிள்ளைகள் எல்லாம் போனபின் உங்கள் பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் முன்னாலேயே கேட்டில் நில்லுங்கள்!

நூறு அறிவுரை செய்யாததை, சொன்னபடி வந்து நிற்கும் உங்கள் இரண்டு கால்கள் செய்யும்!

படிப்படியாக இறக்குங்கள்!

கிணற்றில் நீச்சல் பழக்கும் நல்ல ஆசான் முதல் நாளே பிள்ளையை நடுக்கிணற்றில் வீசுவாரா? படியில் உட்கார வைப்பார். காலை நனைக்க வைப்பார். இடுப்பில் சுரைக்குடுவை கட்டுவார். பிறகுதான் கையை விடுவார்.

பள்ளிக்கும் அதே முறைதான்!

ஜெர்மனியில் மழலையர் காப்பகங்கள் பலவற்றில் ‘பெர்லின் முறை’ என்று ஒன்று நடப்பில் இருக்கிறது. முதல் மூன்று நாள் பிரிவே கிடையாது. அம்மாவோ அப்பாவோ கூடவே வந்து உட்காருகிறார்கள். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுப் பிள்ளையோடு திரும்பிப் போகிறார்கள்.

நான்காம் நாள்தான் முதல் பிரிவு. அதுவும் அதிகம் போனால் 30 நிமிடம். பிள்ளை தேறாவிட்டால் உடனே பெற்றவரை அழைத்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரம் இல்லை!

“நம்ம ஊர் ஸ்கூல்ல உள்ளேயே விடமாட்டாங்க!”

கேட்டீர்களா? ஒரு முறையாவது வாய் திறந்து கேட்டீர்களா? “முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டுட்டு அழைச்சுட்டுப் போகலாமா, மிஸ்?” என்று கேட்க என்ன கூச்சம்? கல்யாண மண்டபத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறீர்கள். பிள்ளைக்காக ஒரு மணி நேரம் கேட்க நா எழவில்லையா?

மறுத்தார்களா? வீட்டில் பழக்குங்கள்! அத்தை வீட்டில் அரை மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். பள்ளிக்கூடத் தெருவில் நடத்திக் கூட்டிப் போங்கள். “இதுதான் உன் ஸ்கூல்” என்று காட்டுங்கள்.

அடுத்தது தூக்கம்! மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?

சீரியல் முடிந்து, செல்போன் அணைந்து, பிள்ளை படுக்க 11 மணி. காலை 6.30க்கு எழுப்புகிறீர்கள். கணக்குப் போடுங்கள். ஏழரை மணி நேரம்! காலையில் அது அழுவது பள்ளிக்காகவா, தூக்கத்துக்காகவா? இரவு 8.30க்கு விளக்கை அணையுங்கள். பாதி அழுகை அங்கேயே குறையும்!

டிபன் பாக்ஸ்! வாங்கிக் கொடுத்தீர்களே, அதன் மூடியைப் பிள்ளையால் திறக்க முடிகிறதா? பட்டென்று பூட்டும் அந்தக் கிளிப்பை நீங்களே இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தித் திறக்கிறீர்கள். அந்தப் பிஞ்சு விரல் என்ன செய்யும்? சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கும்! திறக்க எளிதான டப்பாவாக மாற்றுங்கள். வீட்டில் தரையில் உட்கார வைத்துத் தானே திறந்து தானே சாப்பிடப் பழக்குங்கள்.

வீட்டில் பிள்ளை “உச்சா” என்று சொல்லும். அது வகுப்பில் இருபது பிள்ளைகளோடு நிற்கும் மிஸ்ஸுக்குத் தெரியுமா? முதல் நாளே சொல்லுங்கள். மாற்று உடை ஒன்றைப் பையில் வையுங்கள். நனைந்தாலும் திட்டமாட்டேன் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையா? “கொஞ்ச நாள் தமிழ்லயே பேசுங்க, மிஸ்” என்று கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள்! அது அறியாமை இல்லை, உங்கள் பிள்ளையின் உரிமை!

விழுந்தால் மறுபடி எழுங்கள்!

ஐந்து நாள் அழுதது. ஆறாம் நாள் சிரித்தது. “அப்பாடா!” என்றீர்கள். திங்கட்கிழமை மறுபடி வாசலில் புரண்டது!

சளி பிடித்தது. புதிதாகப் பிள்ளைகள் கூட்டத்தில் சேர்ந்தால் சளியும் இருமலும் வருவது வழக்கம்தான். மூன்று நாள் விடுப்பு. திரும்பிப் போனால் மறுபடி முதல் நாள் மாதிரியே கத்தல்!

காலாண்டு விடுமுறை முடிந்தும் அதே கதை!

என்ன செய்வீர்கள்? “இதுக்கு ராசி இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று பையைப் பரணில் போடுவீர்களா? கோபத்தில் முதுகில் ஒன்று வைப்பீர்களா?

அடிக்காதீர்கள்! பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் கையும் பயமாகிப் போனால் அது யாரிடம் ஓடும்?

ஒரு நாள் அடித்துவிட்டீர்களா? ஒரு நாள் பொய் சொல்லி நழுவிவிட்டீர்களா? மனம் உடைந்து உட்காராதீர்கள். பிள்ளையை மடியில் வைத்து, “அம்மா சொல்லாம போனது தப்பு. இனிமே சொல்லிட்டுத்தான் போவேன்” என்று சொல்லுங்கள். அடுத்த நாள் காலை அதைச் செய்து காட்டுங்கள். பிள்ளைகள் போல் சீக்கிரம் மன்னிப்பவர்கள் உலகத்தில் உண்டா?

1907 ஜனவரி 6. ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே மரியா மாண்டிசோரி என்ற கல்வியாளர் தன் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். வந்த பிள்ளைகள் அழுகிறவர்கள், மிரண்டவர்கள், வாய் திறந்து பேசவே கூச்சப்பட்டவர்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

“இதுகளை வைத்து என்ன செய்வது?” என்று அவர் கதவைச் சாத்தினாரா? இல்லை! அழுத அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்வதைப் பார்க்க உலகமே தேடி வந்தது. 1939இல் அந்த அம்மையார் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்!

கூலித் தொழிலாளியின் அழுகிற பிள்ளையால் முடிந்தது, உங்கள் பிள்ளையால் முடியாதா?

கண்ணைத் திறந்து வையுங்கள்!

துணிச்சல் வேறு, கண்மூடித்தனம் வேறு. வாரங்கள் பல ஆன பிறகும் அழுகை குறையவில்லையா? சாப்பாட்டை ஒதுக்குகிறதா? படுக்கையை நனைப்பது திரும்ப வந்துவிட்டதா? ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டாலே ஒளிகிறதா? உடம்பில் காயம் இருக்கிறதா?

அப்போது “பழகிடும்” என்று சொல்லாதீர்கள்! வகுப்பறைக்குப் போங்கள். கேளுங்கள். பாருங்கள். தேவையானால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பள்ளியை மாற்றுவது தோல்வி இல்லை. தெரிந்தும் சும்மா இருப்பதுதான் தோல்வி!

மாலையில் பிள்ளை வந்ததும் “இன்னிக்கு அழுதியா?” என்று கேட்காதீர்கள். ஏன் அழுகையையே ஞாபகப்படுத்துகிறீர்கள்? “பக்கத்துல யாரு உக்காந்தா? என்ன பாட்டுப் பாடினீங்க?” என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். அந்த ஒரு பெயர் போதும்! பள்ளியில் அதற்கு ஒரு தோழன் கிடைத்துவிட்டான். அவன் வீட்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சேர்ந்து விளையாட விடுங்கள்!

நாளைக் காலை உங்களுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. கேள்வித்தாள் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

பொய் சொல்லாமல் விடைபெறுவீர்களா? கலங்காத முகத்தோடு நடப்பீர்களா? சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பீர்களா?

நாளை தவறினால் நாளை மறுநாள்! அதுவும் தவறினால் அதற்கு அடுத்த நாள்! எத்தனை காலை ஆனாலும் சரி, விடாதீர்கள்!

இன்று உங்கள் சொல்லை நம்பக் கற்கும் பிள்ளை நாளை தன்னையே நம்பும். தன்னை நம்பும் பிள்ளையைத் தடுக்க எந்தக் கேட் இருக்கிறது? எந்தத் தேர்வு இருக்கிறது? எந்த ஊர் இருக்கிறது?

எழுந்திருங்கள்! முகத்தைக் கழுவுங்கள். பிள்ளையின் பையை எடுங்கள். நிமிர்ந்து நடங்கள்!